கையில் இல்லாத நிலத்துக்கு விலை பேசலாமா?

லீ பஜாரிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் சரக்கு வந்து இறங்குமுன்பே கைமாறுவது நமக்குப் புதிதல்ல. வாய்ச்சொல்லை நம்பியே நம் வியாபாரம் நடக்கிறது. ஆனால் அதே வழக்கத்தை நிலத்திலும் சிலர் கையாளத் தொடங்கியிருப்பது நமக்குக் கவலை அளிக்கிறது.

நிலக்காரரிடம் சொற்ப முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் போடுகிறார்கள். 'தங்களுக்கோ, தாங்கள் காட்டும் நபருக்கோ கிரயம் செய்து தருகிறேன்' என்று ஒரு வரியும் சேர்த்துக் கொள்கிறார்கள். மறுநாளே செல்பேசியிலும் இணைய விளம்பரத்திலும் அதே இடம் 'உரிமையாளர் நேரடி விற்பனை' என்று கூடுதல் விலைக்கு வந்துவிடுகிறது.

லாபம் வைப்பது தவறென்று வியாபாரிகளாகிய நாம் சொல்ல மாட்டோம். ஒப்பந்தத்தில் தடை இல்லையானால், வாங்கும் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் செய்யலாம். ஆனால் அவர் விற்பது அந்த உரிமையைத்தான்; நிலத்தை அல்ல. கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எந்தப் பாத்தியதையும் தராது என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54ஆவது பிரிவில் தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தோடு பொது அதிகாரப் பத்திரம் சேர்த்து வாங்கினாலும் சொத்து கைமாறியதாகாது என்று சூரஜ் லாம்ப் வழக்கில் 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும், சொத்து குறித்த அதிகாரப் பத்திரத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுவது ஆபத்து.

மனைப்பிரிவாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் குறுக்கே வரும். அச்சட்டப்படி பதிவு பெற வேண்டிய மனைகளை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம். பொய்யான தகவல் கூறி விற்பதும் குற்றம்.

இன்னொன்று ரொக்கம். நிலக்காரருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை. பத்திரத்தில் ஏறாத வித்தியாசம் கைப்பணமாக நடுவில் போகிறது. நில பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் முன்பணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2015 ஜூனிலேயே வந்துவிட்டது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம்.

இதில் முடங்குவது பெரும்பாலும் கடை முதல்தான். கெடு முடிந்து நிலக்காரர் கிரயத்துக்கு வர மறுத்தால், ராசிபுரத்து மளிகைக் கடைக்காரர் கொடுத்த பணத்துக்கு யார் பொறுப்பு?

ஆகவே வாங்கும் உறுப்பினர்கள் வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் பார்த்து, நிலக்காரரை நேரில் கண்டு பேசிய பின்பே முன்பணம் கொடுக்க வேண்டும். விற்கும் உறுப்பினர்கள் 'எனக்கு இருப்பது ஒப்பந்தம் மட்டுமே' என்று இரு தரப்புக்கும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லிப் பேச முடியாத பேரத்தில் நம்மவர் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக் கொள்கிறோம்.