புகை மட்டும் தெரிந்த ஊர்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய்த் திரும்பினால், சிநேகிதிகள் கேட்கிற முதல் கேள்வி, "நயாகரா பார்த்தாச்சா?" என்பதுதான். நான் பார்க்கவில்லை. என் மகள் இருப்பது கான்ஸாஸ் மாநிலத்தில். அங்கே கடலும் கிடையாது, பேர் சொல்லும்படி அருவியும் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் 'ப்ரேரி' என்கிற புல்வெளி, அதை விட்டால் கோதுமை வயல். நான் பார்த்து வந்தது, 2020 ஜனத்தொகைக் கணக்குப்படி 14 பேர் மட்டுமே வசித்த ஒரு ஊரை!

"பதினாலு பேரைப் பார்க்கவா நாலு மணி நேரம் காரில் போகணும்? ஏம்மா இப்படி!" என்று மகள் அலுத்துக்கொண்டாள். மாப்பிள்ளைதான், "அத்தை ஆசைப்படறாங்க, போயிட்டு வந்துடுவோம்" என்று வண்டியை எடுத்தார்.

ஊரின் பெயர் நிகோடிமஸ். டவுன்ஷிப் என்கிறார்கள். நமக்கு டவுன்ஷிப் என்றதும் நெய்வேலி மாதிரி வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ்தானே ஞாபகம் வரும்? அங்கே அப்படி இல்லை. புல்வெளியை ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் என்று கட்டம் கட்டமாக அளந்து பிரித்தார்கள். அப்படிப் பிரித்த பகுதிக்குத்தான் டவுன்ஷிப் என்று பெயர். அதற்குள் நாலு வீடு இருந்தாலும் டவுன்ஷிப்தான்.

இந்த ஊருக்கு அப்படி என்ன விசேஷம்? அமெரிக்காவில் அடிமை முறை 1865-ல் ஒழிந்தது. ஆனால் விடுதலை கிடைத்தவர்களுக்குக் காலூன்ற நிலம் இல்லை. தென் மாநிலங்களில் நிம்மதியும் இல்லை. 1862-ல் வந்த சட்டப்படி, மேற்கே போய்க் குடியேறி ஐந்து வருஷம் பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தமாகும். இதை நம்பி 1877-ல் ஹில் என்ற வெள்ளைக்காரரும், ஸ்மித் என்ற கறுப்பினப் பாதிரியாரும் சேர்ந்து இந்த ஊரைத் தொடங்கினார்கள். கென்டக்கி மாநிலத்திலிருந்து, அடிமைகளாக இருந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பின.

வந்து பார்த்தால் ஊரே இல்லை! வீடு கட்ட மரம்கூடக் கிடையாது. மேட்டில் குழி வெட்டி, மேலே புல்லும் மண்ணும் போட்டு மூடி, அதற்குள் குடித்தனம். அடுப்பெரிக்கக் காட்டெருமையின் காய்ந்த சாணம். நம் வரட்டியேதான்! சில குடும்பங்கள் மறுநாளே திரும்பிப் போய்விட்டன. எம்மா வில்லியம்ஸ் என்ற பெண் நிறைமாதமாக வந்து சேர்ந்தாள். அக்டோபரில் ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஊரில் பிறந்த முதல் குழந்தை. டாக்டர் இல்லாத இடத்தில், குளிர்காலம் வாசலில் நிற்கும்போது ஒரு பிரசவம். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், அது என்ன வயிற்றுக் கலக்கம் என்று!

அடுத்த வருஷம், 1878 வசந்த காலத்தில், வில்லியானா ஹிக்மன் என்ற பாதிரியாரின் மனைவி வந்தார். எல்லிஸ் என்ற ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது அவருடைய குழந்தைகளுக்குத் தட்டம்மை. இரண்டு வாரம் கூடாரத்தில் கிடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சில குழந்தைகள் இறந்தே போயின. தடுப்பூசி கண்டுபிடிக்காத காலம். இன்று ஒரு ஊசியோடு முடிகிற விஷயம், அன்று தாயின் மடியைக் காலி செய்தது.

அங்கிருந்து இரண்டு நாள் வண்டிப் பயணம். சாலை கிடையாது, திசை காட்டும் கருவியை நம்பித்தான் போனார்கள். மூன்று மணி சுமாருக்கு ஆண்கள், "அதோ நிகோடிமஸ்!" என்று சந்தோஷமாகக் கூவினார்கள். வில்லியானா எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. எங்கே என்று கணவரைக் கேட்க, அவர் தரையிலிருந்து கிளம்பிய புகையைக் காட்டினார். மண்ணுக்குள் இருக்கும் வீடுகளின் அடுப்புப் புகை! அந்த அம்மாள் அங்கேயே அழுதுவிட்டார். பிற்காலத்தில் அவரே சொல்லி வைத்த விவரம் இது.

புது ஊரில் முதல் நாள் அழுத அனுபவம் நம்மில் யாருக்கு இல்லை? ஆனால் வில்லியானா திரும்பிப் போகவில்லை. அங்கேயே குடித்தனம் நடத்தினார். ஜென்னி ஃப்ளெட்சர் என்ற பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஊரின் முதல் ஆசிரியை அவர்தான். தபால் வேலையையும் அவரே பார்த்தார். பத்தே வருஷத்தில் கடைகள், ஹோட்டல், மாதா கோவில்கள், இரண்டு பத்திரிகைகள்கூட வந்துவிட்டன.

அப்புறம் ரயில் ஏமாற்றியது. பாதை தங்கள் ஊர் வழியே வரட்டும் என்று 1887-ல் 16,000 டாலர் கொடுக்க ஊரே வோட்டுப் போட்டது. 1888-ல் பாதை சாலமன் ஆற்றின் அந்தப் பக்கமாகப் போய்விட்டது. கடைக்காரர்கள் கடையைத் தூக்கிக்கொண்டு ரயில் பக்கம் போனார்கள். 1930-களில் மழை பொய்த்து, புழுதிப் புயல் அடித்தது. 1953-ல் தபாலாபீஸ் மூடியது. 1960-ல் பள்ளிக்கூடமும் மூடியது. கடைசியில் பதினாலு பேர்!

சரி, ஊர் செத்துவிட்டதா? அதுதான் இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஜூலைக் கடைசியில், அடிமை விடுதலையைக் கொண்டாட, எங்கெங்கோ வசிக்கும் பேரன் பேத்திகள் நூற்றுக்கணக்கில் வந்து சேருகிறார்கள். ஊர்வலம், பிரார்த்தனை, விருந்து! 1996-ல் அரசாங்கம் இதை தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

நாங்கள் போனது ஜூன் மாதம். தெருவில் ஈ காக்கை இல்லை. பழைய பள்ளிக்கூடம், கோவில், 1939-ல் கட்டிய கல் மண்டபம், மேலே ஓயாத காற்று. வில்லியானா கதையைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மகள் பேச்சில்லாமல் வந்தாள். கல்யாணமாகி வந்த முதல் வாரம், வெளியே பனியைப் பார்த்துவிட்டு, "இங்கே யாருமே இல்லைம்மா" என்று போனில் அழுதவள் அவள். நான்தான் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, "பொறுத்துக்கோடி, பழகிடும்" என்றேன். சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை உறுத்தல்தான்.

திரும்பும்போது காரில் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அடுத்த தடவை ஜூலையில் வாயேன். கூட்டம் வரும்போது போய்ப் பார்க்கலாம்."

"பதினாலு பேரைப் பார்க்க நாலு மணி நேரமா?" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அவளும்தான்.