புகழுரை பங்காகாது

ஊரில் மூதாட்டி ஒருவர் மவுத்தாகிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? ஜனாஸாவை நல்லடக்கம் செய்கிறோம். மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குக் கூடுகிறோம். ஆலிம் ஒருவர் எழுந்து, பொறுமையின் இருப்பிடம், தியாகத்தின் திருவுரு, ஒன்பது மக்களைப் பெற்று ஆளாக்கிய பெருமாட்டி என்றெல்லாம் பேசுகிறார். மக்கள் கண்ணீர் உகுக்கின்றனர். பின்னர் நெய்ச்சோறு பரிமாறப்படுகிறது. இத்தகைய புகழுரைகளைப் பல்லாண்டுகளாக நாம் கேட்டு வந்துள்ளோம். நாமே எழுந்து பேசியும் இருக்கிறோம். இன்று அவற்றை எதிர்த்தே எழுதத் துணிகிறோம்.

காவிரிப் பாசனப் பகுதியில் நாம் நன்கறிந்த அம்மையார் ஒருவர், தொண்ணூறு வயதைக் கடந்து அண்மையில் மறைந்தார். பதினாறு வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஆண்மக்கள் ஐவர், பெண்மக்கள் நால்வர். கணவர் சபராளி. மலேயாவிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் திரும்புவார், சில மாதங்கள் தங்குவார், மீண்டும் கப்பலேறுவார். அவர் அனுப்பிய பணத்தில் 16 மா நஞ்சை வாங்கப்பட்டது. அந்நிலத்தை விளைவித்தவர் யார்? விதைநெல்லை உலர்த்திக் காத்தவர், நடவாட்களுக்குக் கஞ்சி காய்ச்சியவர், கதிர் களத்துக்கு வந்த நாட்களில் விடியுமுன் எழுந்து அண்டா அண்டாவாக நெல் அவித்தவர், கறவை மாடுகளுக்குத் தவிடும் கழுநீரும் வைத்தவர், கதவின் பின்னின்றே கூலி நெல்லை மரக்கால் கணக்குப் பிசகாமல் அளக்கச் செய்தவர் அந்த அம்மையாரே. இடையிடையே ஒன்பது பேறுகாலங்கள்! பத்திரத்தில் மட்டும் அவர் பெயர் இல்லை.

கணவர் காலமானதும் பாகப்பிரிவினை நடந்தது. நிலம் ஐந்து கூறாயிற்று. பெண்மக்கள் நால்வரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட்டனர். தாய்க்கு எதுவும் எழுதப்படவில்லை. "உம்மாவுக்கு எதற்கு நிலம்? நாங்கள் ஐவரும் இருக்கிறோமே!" என்றனர் மக்கள். அன்றுமுதல் மாதத்திற்கொரு வீடு என்ற முறையில், ஒரு துணிமூட்டையுடன் அவர் ஐந்து வீடுகளுக்கும் மாறி மாறிச் சென்றுவந்தார். மக்கள் கொடியவர்களல்லர், தாயை நேசித்தவர்களே. ஆயினும் கேட்கிறோம்: 16 மாவை விளைவித்தவர், தம் இறுதிக் காலத்தில் ஓர் ஏழைக்குக் கொடுப்பதற்கு ஒரு மரக்கால் நெல்லையும் மருமகளிடம் கேட்டுப் பெறவேண்டிய நிலை வரலாமா?

திருமறையின் கணக்கை நோக்குவோம். அன்னிஸா அத்தியாயத்தின் 7-ஆம் வசனம், விட்டுச் செல்லப்படுவது குறைவாயினும் மிகுதியாயினும் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் பாகமுண்டென்று விதிக்கிறது. 11, 12-ஆம் வசனங்கள் அளவைக் கூறுகின்றன. மக்கள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. கடனும் மரண சாசனமும் தீர்ந்தபின், வேறு வாரிசுகள் இல்லாத நிலையில், இந்த 16 மாவைப் பகிர்ந்து பாருங்கள். தாய்க்கு 2 மா. ஆண்மக்கள் ஐவருக்கும் தலைக்கு 2 மாவாக 10 மா. பெண்மக்கள் நால்வருக்கும் தலைக்கு ஒரு மாவாக 4 மா. ஒரு குழியும் மிஞ்சவில்லை. ஒரு குழியும் குறையவில்லை. ஓதத் தெரிந்த சிறுவனும் போடக்கூடிய இக்கணக்கை நம் ஊர்ப் பெரியவர்கள் போட மறுப்பதேன்?

விளைநிலத்திற்கு ஷரீஅத் பொருந்தாது என்று இன்னமும் சிலர் சாக்குக் கூறுகின்றனர். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விளைநிலத்தை விலக்கி வைத்தது உண்மையே. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே நம் நாட்டுச் சட்டமும் தடையில்லை, மார்க்கமும் தடையில்லை. தடையாயிருப்பது நம் மனமே.

"பெண்மக்களுக்கு நகையும் சீரும் செய்துவிட்டோமே" என்பது அடுத்த வாதம். தந்தை வாழ்நாளில் மனமுவந்து அளித்த அன்பளிப்பு, அவர் மறைவுக்குப்பின் இறைவன் விதித்த பாகத்தில் கழிக்கப்படுவதில்லை. "அவர்களே விரும்பித்தானே விட்டுக்கொடுத்தார்கள்" என்பது மற்றொன்று. உடன்பிறந்தான் உறவு அறுந்துவிடுமோ, பிறந்தகத்து வாசல் அடைபட்டுவிடுமோ என்றஞ்சி இட்ட கையொப்பம் விருப்பமாகுமா? வெட்கத்தால் நெருக்கிப் பெறும் பொருளை வன்முறையால் பறித்த பொருளோடு ஒப்ப வைத்து எச்சரிக்கிறார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். விடுதலைப் பத்திரம் எழுதுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இனி, உழைப்பின் பேச்சுக்கு வருவோம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்திலும் ஓர் உழவர் இல்லத்தரசி வாழ்ந்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களின் திருமகளார் அஸ்மா (ரலி) அவர்களையே கூறுகிறோம். மணமானபோது கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் ஒரு குதிரையும் நீரிறைக்கும் ஓர் ஒட்டகமுமே இருந்தன. குதிரைக்குத் தீனி வைத்தது, தோல் வாளியைத் தைத்தது, மாவு பிசைந்தது, நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்துவந்தது ஆகிய அனைத்தையும் அவர்களே எடுத்துரைக்க, ஸஹீஹுல் புகாரி பதிந்து வைத்துள்ளது. அந்நிலம் ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவு. வழியில் அவர்களைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்து ஏற்றிக்கொள்ள முன்வந்தார்கள். மக்கள் எண்மரைப் பெற்று, நூறாண்டளவு வாழ்ந்து, ஹிஜ்ரி 73-இல் மறைந்த அப்பெருமாட்டியைப் பற்றி வெறும் புகழுரையோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. சுமந்தது எது, எவ்வளவு தொலைவு சுமந்தார்கள் என்பதையும் எழுதி வைத்தனர். தமக்குரியதை விற்ற பணத்தை மடியில் வைத்திருந்த அன்னாரிடம் கணவர் அதனைக் கேட்டபோது, தருமமாகக் கொடுத்துவிட்டதாக அவர்கள் விடையளித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தம் பொருளைத் தம் விருப்பப்படி வழங்கும் உரிமை அவர்கள் கையில் இருந்தது. நம் அம்மையாரின் மடியில் என்ன இருந்தது?

சமைப்பதும் நெல் அவிப்பதும் மனைவியின் கட்டாயக் கடமையென ஷாஃபிஈ சட்ட நூல்கள் கூறுவதில்லை. பாலூட்டப் பிறர் இருக்கையில், பெற்றவளுக்கும் சீம்பால் ஊட்டுவதே கடமை. அதற்குமேல் கூலி கேட்கவும் இடமுண்டு. மாலிக்கி அறிஞர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்றனர். ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் மொராக்கோ நாட்டில் வாழ்ந்த காழி இப்னு அர்தூன் அவர்கள், வயலில் உழைத்த நாட்டுப்புற மனைவியருக்கு விளைபொருளில் பங்குண்டெனத் தீர்ப்பளித்தார்கள். அந்நாட்டின் 2004-ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமும் குடும்பச் சொத்தை வளர்க்க ஒவ்வொருவரும் மேற்கொண்ட உழைப்பைக் கணக்கிற்கொள்ளச் சொல்கிறது. நம் சென்னை உயர்நீதிமன்றமும், வெளிநாடு சென்று உழைத்த கணவரின் ஊதியத்தில் வாங்கிய சொத்தில், குடும்பத்தைக் காத்த மனைவிக்குச் சமபங்கு உண்டென 2023-ஆம் ஆண்டு ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

நாம் மாலிக்கிகள் அல்லர். அத்தீர்ப்பை அப்படியே ஏற்றாக வேண்டுமென வாதிடவும் வரவில்லை. உழைப்பின் பங்கில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எட்டில் ஒன்றில் எந்த மத்ஹபுக்கும் வேறுபாடு இல்லையே! அந்த இரண்டு மாவையேனும் ஏன் கொடுக்கவில்லை?

இவ்வினாவை முதலில் நம்மை நோக்கியே தொடுக்கிறோம். அந்தப் பாகப்பிரிவினைக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம். பராயிள் கணக்கைத் தொடங்கினோம். "ஹஸ்ரத், அதெல்லாம் குடும்பத்துக்குள் பேசி முடித்தாகிவிட்டது, துஆ மட்டும் ஓதுங்கள்" என்றார் பெரியவர் ஒருவர். கதவின் பின்னே அந்த அம்மையார் நிற்பது தெரிந்தது. அவர் ஒன்றும் கூறவில்லை. நாமும் ஒன்றும் கூறவில்லை. துஆ ஓதினோம், விருந்துண்டோம், வீடு திரும்பினோம். இருபதாண்டுகளுக்குப்பின் அவர் ஜனாஸாவில் அவருடைய பொறுமையைப் புகழ்ந்து பேசியதும் நாமே. அப்பொறுமையில் பாதி, நம் மௌனம் அவர்மீது சுமத்தியதன்றோ?

ஆலிம்களே, ஜமாஅத் தலைவர்களே! பாகப்பிரிவினைக்கு அழைத்தால், கணக்கு எழுதி வாசிக்கப்படும் வரை துஆவுக்குக் கையேந்தாதீர்கள். மக்களே! உங்கள் உம்மா இன்னும் உயிருடன் இருப்பாராயின், அவருக்குரிய எட்டில் ஒன்றை இந்த மாதமே அவர் பெயரில் பதிந்து, பத்திரத்தை அவர் கையில் கொடுங்கள். உங்கள் உடன்பிறந்தாளுக்கு உரியதையும் கொடுத்துவிடுங்கள். அதன்பின் அவர்கள் மனமுவந்து உங்களுக்கே திருப்பித் தந்தால், அது ஹலால்.

வல்ல நாயன் அந்த அம்மையாரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! வாய்திறவாதிருந்த நம்மையும் பொறுத்தருள்வானாக! ஆமீன்.