கொடைக்கானல் டென்ட்டுக்கு நான் வரவில்லை, நீங்களும் போக வேண்டாம்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி ஒரு பதினைந்து நிமிடம் பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

2003-04இல் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஏப்ரல் கடைசியில் கொடைக்கானலில் ஒன்றுகூடல் வைத்திருக்கிறீர்கள். என்னையும் கூப்பிட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸைப் படித்தேன். "இயற்கையோடு ஓர் இரவு. ஆளுக்கு 1,200 ரூபாய். டென்ட், கேம்ப் ஃபயர், பார்பிக்யூ, டிஜே, காலை டீ." இடம் எங்கே என்றால் பூம்பாறை தாண்டி என்கிறார்கள். யார் நடத்துகிறார்கள் என்றால் ஒரு செல்போன் எண்தான் இருக்கிறது. வருகிறவர்களில் பதினோரு பேர் பத்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள். அதனால்தான் இதை உங்கள் குழுவில் மட்டும் போடாமல் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். நம் சொந்தத்திலும் இதே மாதிரி கிளம்புகிற பிள்ளைகள் நிறைய.

முதலில் அந்த "இயற்கை" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ராத்திரி இரண்டு மணி வரை ஸ்பீக்கர் அலறுகிற இடத்தில் இயற்கை எங்கே இருக்கும்? காட்டுமாடு விலகிப் போகும், பறவை கூட்டை விட்டுப் போகும். நீங்கள் கேட்கப் போவது கீரனூர் கல்யாண மண்டபத்தில் கேட்கிற அதே பாட்டுதான். அதற்கு எதற்கு ஐயா ஏழாயிரம் அடி ஏற வேண்டும்? என் தங்கை மகன் போன வருடம் இப்படி ஒரு முகாமுக்குப் போய் வந்தான். நாற்பது பேருக்கு இரண்டு கழிப்பறை. அதுவும் சரிவில் குழி தோண்டித் தகரம் அடைத்தது. கீழே ஓடை. அந்த ஓடையில்தான் அடுத்த முகாம்காரர் குடத்தில் தண்ணீர் பிடிக்கிறார். இதைச் சொல்லிவிட்டு, "ஆனா போட்டோ செமயா வந்துச்சு பெரியம்மா" என்றான்!

இப்போது தீ. ஏப்ரல் என்றால் மலையில் புல் காய்ந்து கிடக்கிற காலம். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மலையேற்றம் போனவர்கள் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள். மொத்தம் 23 உயிர் போனது. அதில் பெண்கள் அதிகம். படித்த, வேலை பார்க்கிற, நல்ல ஷூ போட்ட பிள்ளைகள்தான். விமானப்படை ஹெலிகாப்டர் வந்தும் எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பது சமவெளியில் வளர்ந்த நமக்குத் தெரியாது. நம் ஊரில் வைக்கோல் போர் எரிந்தால் தள்ளி நிற்கலாம். மலையில் தள்ளி நிற்க இடம் கிடையாது. 2024 ஏப்ரல் கடைசியில் இதே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் காட்டுத்தீ பல நாள் எரிந்தது. நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது அதே இடம், அதே வாரம். அதில் "கேம்ப் ஃபயர் இலவசம்" வேறு!

அடுத்து அந்த பார்பிக்யூ. இது நான் அறிவியல் பாடத்தில் சொன்னதுதான். கரி எரியும்போது போதுமான காற்று கிடைக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவனுக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. 2024இல் கொடைக்கானலில் இரண்டு இளைஞர்கள் சமைத்த பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்கவேயில்லை. அது கட்டடம். டென்ட் அதைவிடச் சின்னது, ஜிப் போட்டு மூடுவது. ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் எலும்பில் ஏறும்போது, "குழந்தை நடுங்குது, அடுப்பைக் கொஞ்சம் உள்ளே வையுங்க" என்று யாராவது ஒரு தாய் சொல்லத்தான் செய்வாள். அந்த நேரத்தில் தடுக்கிறதற்கு அங்கே யார் இருப்பார்கள்?

யானையையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கிய இளம்பெண் யானை தாக்கி இறந்தார். அதன் பிறகுதான் அங்கே அதிகாரிகள் கூடாரங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார்கள். நம் நாட்டில் எப்போதும் உயிர் போன பிறகுதான் ரிஜிஸ்டர் திறப்போம்.

சரி, நீங்கள் சொல்லப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

"டீச்சர், மலையில் ஏழு மாடி ஹோட்டல் கட்டுவதைவிட டென்ட் நல்லதுதானே?" நியாயமான கேள்வி. ஒழுங்காக நடத்தினால் டென்ட் மலைக்குக் குறைந்த பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் அரசின் தேசியப் பூங்காக்களிலேயே கூடாரத் தளங்கள் உண்டு. அங்கே ஒவ்வொரு கூடாரத்துக்கும் எண் போட்ட இடம். தீ மூட்ட இரும்பு வளையம், காய்ந்த காலத்தில் அதற்கும் தடை. கரடி வரும் இடங்களில் உணவைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. இரவில் இத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று விதி. மீறினால் கேட்க வனக்காவலர். நம் முகாம்காரர் அங்கிருந்து துணியை மட்டும் எடுத்துக்கொண்டார், விதியை அங்கேயே விட்டுவிட்டார். இங்கே கட்டடம் என்றால் அனுமதி கேட்பார்கள், வரி கேட்பார்கள். டென்ட் என்றால் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும் சுருட்டி ஜீப்பில் போட்டுவிடலாம். பல பேருக்கு டென்ட் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

"உள்ளூர்க்காரர்கள் பிழைக்கட்டுமே டீச்சர்." பிழைக்கட்டும். பூம்பாறை விவசாயி மலைப்பூண்டு விளைவிக்கிறார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போகிறவர்கள் ஆளுக்கு ஒரு கிலோ பூண்டு வாங்குங்கள், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பதிவு பெற்ற வீட்டு விடுதியில் தங்குங்கள். பணம் நேராக அவர் கைக்குப் போகும். ஆனால் கீழேயிருந்து ஒருவர் போய், பூண்டுப் பாத்தியைக் குத்தகைக்குப் பிடித்து, சமன் செய்து, டென்ட் அடித்தால், விவசாயிக்கு வருடக் குத்தகை மிஞ்சும், சரிவு மண் மழையில் போகும். நாளைக்கு ஏதாவது நடந்தால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது நிலத்துக்காரர்தான்.

"நாம் நாற்பது பேர் போனால் என்ன ஆகிவிடும்?" இதைத்தான் போகிற ஒவ்வொரு நாற்பது பேரும் சொல்கிறார்கள். கூட்டம் தாங்காமல்தான் சென்னை உயர்நீதிமன்றம் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று எண்ணிக்கையே கட்டியது. ஒரு மலைக்கு எவ்வளவு தாங்கும் என்று நீதிமன்றம் கணக்குப் போட வேண்டிய நிலைக்கு நாம் கொண்டுவந்து விட்டுவிட்டோம்.

"கொடைக்கானலைப் பற்றிக் கீரனூருக்கு என்ன கவலை?" இருக்கிறது. நம்முடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பினால் சோறு, இல்லையென்றால் திருப்பூர் பஸ். குழாயில் காவிரித் தண்ணீர் வருவதற்கு முன் குடத்தோடு நின்றவர்கள் உங்கள் அம்மாக்கள். அந்தக் காவிரிக்குக் கரூர் அருகே அமராவதி வந்து சேர்கிறது. அமராவதியில் பழனி மலையின் சண்முகநதியும் குடகனாறும் சேர்கின்றன. கொடைக்கானலின் சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. ஏற்கெனவே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சீகை, யூகலிப்டஸ், பைன் என்று நட்டு அந்தப் புல்வெளியில் பெரும்பகுதியை அழித்தாயிற்று. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி அந்தப் புல்வெளிச் செடிதான். 2018இல் பூத்தது, இனி 2030. மிச்சமிருக்கிற புல்லிலும் மண்வெட்டி போட்டு டென்ட் அடித்தால் 2030இல் உங்கள் குழந்தைகளுக்கு எதைக் காட்டுவீர்கள்?

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்பணம் அனுப்புவதற்கு முன் அந்த எண்ணுக்குப் போன் போட்டு ஐந்து கேள்வி கேளுங்கள்.

1. சுற்றுலாத் துறைப் பதிவு இருக்கிறதா? நகலை வாட்ஸ்அப்பில் அனுப்புவாரா?
2. இடம் பட்டாவா, வனத்தை ஒட்டியதா? காடு எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது?
3. கழிவு எங்கே போகிறது? செப்டிக் டேங்க் இருக்கிறதா?
4. ராத்திரி ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்கினால் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு எத்தனை நிமிடத்தில் போகலாம்? வண்டி அங்கேயே நிற்குமா? செல்போன் சிக்னல் உண்டா?
5. தீப் பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

ஐந்துக்கும் நேரான பதில் வந்தால் போய் வாருங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று வந்தால் போனை வைத்துவிடுங்கள். அரசின் மலையேற்றத் திட்டம்கூட 2024இல் தொடங்கிய பிறகு, தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடி வைக்கிறது. வழிகாட்டியும் பயிற்சியும் உள்ளவர்களே பயப்படுகிற காலத்தில், செல்போன் எண் மட்டும் வைத்திருப்பவர் எதை நம்பிக் குழந்தைகளைக் கூப்பிடுகிறார்?

நம் பிள்ளைகளில் ஒருவன் திருச்சியிலிருந்து இந்த முகாம்களுக்கு ஆள் பிடித்துக் கமிஷன் வாங்குகிறான் என்று தெரியும். தம்பி, உன் பெயரை எழுதவில்லை. வண்டிக்குத் தவணை கட்டுகிறாய், அதுவும் தெரியும். தொழிலை விடச் சொல்லவில்லை. இந்த ஐந்து கேள்விக்குப் பதில் உள்ள இடத்துக்கு மட்டும் ஆளை அனுப்பு. கமிஷன் குறையும், தூக்கம் நன்றாக வரும்.

ஒன்றுகூடலுக்கு என் யோசனை இது. பகலில் கொடைக்கானல் போங்கள். ஏரியைப் பாருங்கள், பூண்டு வாங்குங்கள். இரவு ஊருக்குள் அனுமதி பெற்ற விடுதியில் தங்குங்கள், நோட்டீஸில் போட்டதைவிட ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான் கூட ஆகும். அது முடியாதவர்களின் பங்கைப் போட நானும் இன்னும் மூன்று ஆசிரியர்களும் தயார். மலை பார்க்கத்தான் ஆசை என்றால் நம் நார்த்தாமலை ஒரு எட்டில் இருக்கிறது. விசயாலய சோழீச்சுரம் ஆயிரம் வருடத்துக்கு மேல் நிற்கிறது. பாறைச் சுனையில் தண்ணீர் கிடக்கிறது. விடியற்காலை ஏறி வெயில் வருவதற்குள் இறங்கி, என் வீட்டில் பொங்கலும் சாம்பாரும் சாப்பிடலாம். டிஜே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று நோட்டீஸில் இருக்கிறது. அதற்கு முன் முடிவு செய்யுங்கள். டென்ட் என்றால் நான் வரவில்லை. சும்மா இருக்கவும் மாட்டேன், ஒவ்வொரு குழந்தையின் பாட்டிக்கும் போன் போடுவேன்.

பகிர நினைப்பவர்கள் தாராளமாகப் பகிரலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
கீரனூர்