பிரா போடுறதா விடுறதா: யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம்?

பிராவைப் பற்றி எழுதப்போறோம் என்று முடிவெடுத்ததும் எங்களுக்குள்ளேயே வந்த முதல் கேள்வி, "இதையெல்லாம் எழுதவேணுமோ?" என்பதுதான். எழுதவேணும் என்று நினைக்கிறோம். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தொடங்கி, ஒரு நாளின் அரைவாசிக்கு மேல் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு உடுப்பைப் பற்றி எங்களோடு ஒருத்தரும் ஆறுதலாக இருந்து கதைத்ததில்லை. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கட்டளைகள். "போட்டுக்கொண்டு போ." "பட்டி தெரியுது, உள்ளுக்க விடு." "வெள்ளைச் சட்டைக்குக் கறுப்புப் போடாத." "கொடியில அப்பிடியே காயப்போடாத, மேல துவாயை விரி." "மாமா வாறார், சோலை எடுத்துப் போடு."

இத்தனை கட்டளைகளுக்கு நடுவில் "உனக்கு அது வசதியா இருக்கா?" என்ற கேள்வி மட்டும் வரவேயில்லை. பெரியபிள்ளை ஆன கையோட கடையில் ஏதோ ஒரு சைஸில் இரண்டு வாங்கி வந்து தந்தார்கள். அளவு எடுத்தது கிடையாது. அந்த வயதில் எங்களில் சிலருக்கு அது தேவைப்பட்டது, சிலருக்குத் தேவையே இருக்கவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே முடிவு எடுக்கப்பட்டது. அந்த முடிவை இன்றைக்கும் நாங்கள் உடம்பில் சுமந்துகொண்டு திரிகிறோம்.

போடவேணும் என்று சொல்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது, "போடாட்டி தொங்கிப்போடும்" என்பது. மார்புக்குள் தசை கிடையாது. கொழுப்பு, பால் சுரப்பிகள், அவற்றைத் தாங்குகிற தொடுப்பிழையம், மேலே தோல், அவ்வளவுதான். வயது போகப்போக அந்த இழையமும் தோலும் தளரும். பிள்ளை சுமப்பது, உடல் எடை ஏறி இறங்குவது, புகைப்பது, மார்பின் அளவு எல்லாம் இதில் பங்கெடுக்கும். தினமும் பிரா போட்டால் இந்தத் தளர்வை நிறுத்தலாம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. அதோடு, தளர்வது ஒரு வருத்தமும் அல்ல. எங்கட அம்மம்மாக்களின் மார்பு தளர்ந்திருக்கிறது. அவர்களுக்கு அதனால் என்ன குறைந்துபோனது?

இரண்டாவது காரணம் மற்றப் பக்கத்தில் இருந்து வருவது. "பிரா போட்டால் கான்சர் வரும், கம்பி வைச்சது போட்டால் கட்டாயம் வரும்" என்று வட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி. இதுவும் பிழை. 2014இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, பிரா போடுவதற்கும் மார்புப் புற்றுநோய்க்கும் இடையில் தொடர்பைக் காணவில்லை. எத்தனை மணித்தியாலம் போடுகிறார்கள், கம்பி உண்டா இல்லையா என்பதும் வித்தியாசத்தைக் காட்டவில்லை. ஆகவே போடாமல் விட விரும்பும் ஒருத்திக்கு இப்படியொரு பயமுறுத்தல் தேவையில்லை. "எனக்கு வேர்க்குது, இறுக்குது, பிடிக்கேல்ல" என்பதே போதுமான காரணம். சித்திரை வைகாசி வெக்கையில் கரண்டும் இல்லாமல் ரியூசன் கொட்டிலுக்குள் இருந்தவர்களுக்கு இது விளங்கும். மார்புக்குக் கீழே வியர்வை தேங்கி, வேர்க்குரு போட்டு, பட்டி அழுத்திய இடம் கறுத்துப்போய் இருப்பது எங்களில் எத்தனை பேருக்கு?

அதேநேரம் பிரா பலருக்கு உண்மையிலேயே உதவி செய்கிறது. ஓடும்போது மார்பு மேலும் கீழும் மட்டும் அசைவதில்லை, பக்கவாட்டிலும் முன்பின்னும் அசையும். அந்த வலி காரணமாகவே நெற்போல் ரீமில் இருந்தும் ஓட்டப்போட்டியில் இருந்தும் விலகிய பெட்டையள் இருக்கிறார்கள். விளையாட்டுக்கான பிரா 1977இல்தான் வந்தது. அமெரிக்காவில் மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது போடும் இரண்டு உள்ளாடைகளை ஒன்றாகச் சேர்த்துத் தைத்துத்தான் முதலாவதை உருவாக்கினார்கள். பெரிய மார்பு உள்ளவர்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் தாங்கிப் பிடிக்க ஒன்று இருந்தால் பெரிய ஆறுதல். "போடாமல் விடுறதுதான் விடுதலை" என்று சொல்வது அவர்களுடைய உடம்பை மறந்துவிட்டுச் சொல்வது.

போடுகிறவர்கள் சரியானதைப் போடவேணும் என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதைக்கூட எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. 34பி என்றால் 34 என்பது மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டியின் அளவு. பி என்பது கப். மார்பின் உயர்ந்த இடத்தைச் சுற்றி எடுத்த அளவுக்கும் பட்டியின் அளவுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு அங்குலம் என்றால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி. பாரத்தைத் தாங்கவேண்டியது கீழ்ப்பட்டி, தோள்பட்டி அல்ல. தோளில் தழும்பு விழுகிறது, பின்பக்கம் மேலே ஏறிக்கொண்டு போகிறது என்றால் கீழ்ப்பட்டி பெரிது. மேலால் பிதுங்குகிறது என்றால் கப் சிறிது. எங்கட ஊர்க் கடைகள் பலவற்றில் இதைக் கேட்கவே முடியாது. கவுண்டருக்கு அங்கால ஒரு அண்ணா நிற்பார். நாங்கள் நம்பரை மெதுவாகச் சொல்லுவோம், அவர் பேப்பரில் சுற்றித் தருவார், நாங்கள் அதைப் புத்தகப்பைக்குள் ஒளிப்போம். போட்டுப் பார்க்க இடமில்லை. பொருந்தாத பிராவோடு வருடக்கணக்காக இருந்துவிட்டு, பிரா என்றாலே இப்படித்தான் நோகும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. "எங்கட கலாசாரம்." பிராவுக்கும் எங்கட கலாசாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 1914இல் அமெரிக்காவில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற பெண் இதற்குக் காப்புரிமை எடுத்தார். எங்கட வீடுகளுக்கு அது அதற்கும் எவ்வளவோ பிறகு வந்த சாமான். அம்மம்மாமாரில் பலர் அது இல்லாமல் வெறும் ரவிக்கையோடு வாழ்ந்தவர்கள். கிணற்றடியில் குளித்துவிட்டுக் குறுக்குக்கட்டோடு வளவுக்குள்ளே நடந்து வந்து, அப்படியே அடுப்பு மூட்டியவர்கள். அவர்களை ஒருத்தரும் கலாசாரம் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை.

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கு. எங்கட பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் மார்பை மறைக்கிற உரிமை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளின் மேல் விதிக்கப்பட்டிருந்த தடைகளில் ஒன்று, உடம்பின் மேற்பகுதியை மூடக்கூடாது என்பது. செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பொதுக் கிணற்றில் தண்ணி அள்ளக்கூடாது, கோயிலுக்குள் வரக்கூடாது என்ற அதே பட்டியலில்தான் இதுவும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரிப் பகுதியில், நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். அடி வாங்கினார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1859இல்தான் அவர்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது.

ஆகவே மூடவேணும் என்று இன்றைக்கு எங்களிடம் சொல்கிற அதே சமூகம், ஒரு காலத்தில் சில பெண்களைப் பார்த்து மூடக்கூடாது என்று சொன்னது. துணி மாறியிருக்கு, கட்டளை போடுகிற இடம் மாறவில்லை. அந்தப் பெண்கள் துணி போடப் போராடியதும், இன்றைக்கு ஒருத்தி ஒரு துணியைக் கழட்டி வைக்க நினைப்பதும் எங்களுக்கு எதிரெதிராகத் தெரியவில்லை. இரண்டிலும் கேட்கப்படுவது ஒன்றுதான்: என்ர உடம்பில என்ன இருக்கவேணும் எண்டதை நான் முடிவெடுக்கிறன்.

ஆண்களின் மார்பு இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழட்டிவிட்டுத்தான் கோயிலுக்குள் போகவேணும். அது பக்தி. வேலிக்கரையில் பனியனும் இல்லாமல் நின்று பல்லுத் தீட்டுகிற பெரியப்பா ஊருக்கு வழமையான காட்சி. எங்கட ரீசேட்டுக்குள் முலைக்காம்பு இருக்கு என்று தெரிந்தால் மட்டும் ஊருக்குப் பொறுக்காது. முலைக்காம்பு எல்லாருக்கும் இருக்கு. பார்க்கிறவரின் கண்ணுக்கு வருகிற சிக்கலை ஏன் நாங்கள் கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்ளவேணும்?

இதில் எங்களுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிற ஒரு விசயம் உண்டு. இலங்கையின் மிகப்பெரிய கைத்தொழில் ஏற்றுமதி ஆடைதான். உலகத்தின் பெயர்பெற்ற பிராக்கள் பல இந்தத் தீவில் தைக்கப்படுகின்றன. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. காலையில் பஸ் ஏறிப் போய் மெசினுக்கு முன்னால் இருக்கிற அக்காமாரை எங்கள் எல்லாருக்கும் தெரியும். கப், பட்டி, கொக்கி என்று நாள் முழுக்கப் பெண்கள் தைத்தால் அது நாட்டுக்கு டொலர். அதே சாமானைத் தோய்த்து வீட்டு வெயிலில் விரித்தால் அது வெட்கக்கேடு. துவாய்க்குக் கீழே ஈரம் காயாமல் பூஞ்சணம் பிடித்த பிராவைத் திரும்பப் போட்டுக்கொண்டு, தோல் கடிக்கிறது என்று மருந்து தேடுகிறோம்.

இந்த வெட்கம் வெறும் சிரிப்போடு முடிகிற விசயமும் இல்லை. இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்புப் புற்றுநோய். அது நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டால் குணமாகும் வாய்ப்புக் கூட. ஆனால் "மார்பு" என்ற சொல்லையே சத்தமாகச் சொல்லாத ஒரு வீட்டில், "எனக்கு இதில ஒரு கட்டி மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா யாரிடம் சொல்லுவா? சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். போகாததற்குத் தூரமும் நேரமும் மட்டும் காரணமாக இருப்பதில்லை, சட்டையைக் கழட்டிக் காட்டுகிற வெட்கமும் ஒரு காரணம். பட்டி தெரியக்கூடாது என்று பன்னிரண்டு வயதில் பழக்கிய வெட்கம் ஐம்பது வயதிலும் கூடவே வருகிறது. தன் உடம்பைத் தானே தொட்டுப் பார்க்கக் கூச்சப்படுகிற பெண்களை உருவாக்கிவிட்டு, பிறகு விழிப்புணர்வுக்காக ஒக்டோபரில் பிங்க் ரிபன் குத்தி என்ன பலன்?

1968இல் அமெரிக்காவில் மிஸ் அமெரிக்கா போட்டிக்கு எதிராகப் பெண்கள் கூடி, பிராக்களையும் போலிக் கண்ணிமைகளையும் குப்பைத் தொட்டிக்குள் போட்டார்கள். கலந்துகொண்டவர்கள் எதையும் எரிக்கவில்லை என்றே சொல்லிவந்தார்கள், ஆனால் "பிரா எரித்தவர்கள்" என்ற பெயர்தான் நிலைத்தது. பெண்ணியம் கதைக்கிற எங்களையும் அந்தப் பெயரால் நக்கலடிக்கிற பெடியள் கம்பசில் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறோம்: நாங்கள் எதையும் எரிக்கச் சொல்லவில்லை. எல்லாரும் நாளைக்கே கழட்டுங்கோ என்றும் சொல்லவில்லை.

ஏனென்றால் கழட்டுவதற்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. கொழும்பில் தனி அறை எடுத்து இருக்கிறவளுக்கும், ஊரில் நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகிறவளுக்கும் ஒரே துணிவைக் கேட்க ஏலாது. சின்ன மார்பு உள்ளவள் போடாமல் போனால் ஒருத்தரும் கவனிக்காமலே விடலாம். பெரிய மார்பு உள்ளவள் எல்லாம் போட்டுக்கொண்டு போனாலும் கண்கள் விடாது. பஸ்ஸில் பின்னால் வந்து உரசுகிறவனுக்காக ஒருத்தி பிரா, அதற்கு மேல் உள்சட்டை, அதற்கு மேல் சோல் என்று போடுகிறாள் என்றால், அதை அவளுடைய பிற்போக்கு என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அது அவளுடைய பாதுகாப்புக் கணக்கு. மாறவேண்டியது பஸ்ஸில் உரசுகிறவன். அவன் மாறும்வரைக்கும் எங்கட "தெரிவு" முழுமையான தெரிவும் அல்ல என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

ஆனாலும் எங்களால் இப்போதே செய்யக்கூடியவை இருக்கு. வீட்டுக்குள்ளே பிரா இல்லாமல் இருக்கிற தங்கச்சியைப் பார்த்து "ஆக்கள் வருகினம்" என்று விரட்டாமல் இருக்கலாம். முதல் பிரா வாங்கும்போது பிள்ளைக்கு அளவு எடுத்து, அவளிடமே கேட்டு வாங்கலாம். வேண்டாம் என்றால் விடலாம். பள்ளிக்கூடத்தில் அத்தனை பேருக்கு முன்னால் ஒரு பிள்ளையின் பட்டியைச் சுட்டிக்காட்டித் திருத்துகிற ரீச்சர்மார் அதை நிறுத்தவேணும். அந்த ஒரு நிமிசத்தை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்க மறக்காது. நண்பர்களாக இருக்கிற பெடியள், பார்த்துவிட்டால் பேசாமல் பார்வையைத் திருப்பப் பழகவேணும். நாங்கள் எங்களுக்குள்ளே "அவள் போடேல்லையடி" என்று குசுகுசுப்பதை நிறுத்தவேணும். இது எல்லாவற்றிலும் கஷ்டமானது.

காலையில் அலுமாரியைத் திறக்கும்போது கேட்கவேண்டியது ஒன்றுதான்: இண்டைக்கு என்ர உடம்புக்கு எது சுகம்? ஓட்டப்பயிற்சி இருக்கிற நாளில் விடை ஒன்றாக இருக்கும், வெக்கையில் படிக்கிற நாளில் இன்னொன்றாக இருக்கும். போட்டாலும் சரி, விட்டாலும் சரி. போடுகிறவர்கள் மட்டும் தோய்த்த பிறகு அதைத் துவாய்க்குக் கீழே ஒளிக்காமல் நல்ல வெயிலில் விரித்துவிடுங்கோ. தொடங்குவதற்கு அதுவே போதும்.