ஆயுதத்தை எண்ணிப் பார்ப்பது யார்?

ஹிஸ்புல்லாஹ்வின் ஆயுதங்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர, லெபனான் அமைச்சரவை 2025 ஆகஸ்டில் தன் இராணுவத்திடம் திட்டம் கேட்டது. அது நாட்டின் இறையாண்மை என்றனர் சிலர். அந்நியருக்குப் பணிவது என்றனர் வேறு சிலர். ஒப்படைத்தது முழுமைதானா என்று சரிபார்ப்பது யார்? இதைக் கேட்டவர்கள் குறைவு. இதே கேள்வி விடையின்றிப் போனதன் விலையைக் கொடுத்தவர்கள் நமக்கு மிக அருகில், இலங்கையில் இருக்கிறார்கள்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும்; அடுத்த 72 மணி நேரத்தில் எல்லா இயக்கங்களும் ஆயுதங்களைக் கொடுத்துவிட வேண்டும். வாங்குவது இலங்கை அரசு நியமிக்கும் அதிகாரிகள். இந்தியப் படை துணை நிற்கும். இறையாண்மைக்குரிய மரியாதை இதில் இருந்தது. ஆகஸ்ட் 5-ல் பலாலியில் புலிகள் தரப்பில் யோகி ஒரு கைத்துப்பாக்கியைப் பாதுகாப்புச் செயலாளர் சேபால ஆட்டிகலவிடம் ஒப்படைத்தார். மொத்தம் எத்தனை துப்பாக்கிகள் வர வேண்டும் என்ற கணக்கு மட்டும் ஒப்பந்தத்தில் இல்லை. நம் ஊர்த் தோல் மண்டியில் யாரும் எண்ணிப் பார்க்காமல் சரக்கு எடுப்பதில்லை!

அக்டோபரில் புலிகளுக்கும் இந்தியப் படைக்குமே போர் மூண்டது. 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். இறையாண்மையைச் சொல்லி 1989-ல் இந்தியப் படையை வெளியேறச் சொன்ன பிரேமதாச அரசு, அதே காலத்தில் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. 1990 மார்ச்சில் படை திரும்பியது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ல் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தாலும் அவ்வூர் மக்கள் அவர்களையே சொல்கிறார்கள். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 70,000 பேரைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த ஒப்பந்தத்தில் முஸ்லிம்கள் ஒரு தரப்பே அல்லர். நார்வே முயற்சியில் வந்த 2002 போர்நிறுத்த உடன்பாட்டிலும் அப்படித்தான்.

கண்காணிப்பு எளிதல்ல என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். நம் கோட்டைக்குள் அடைக்கப்பட்டிருந்த புலிகள் 43 பேர் 1995-ல் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். ஆனால் முடியாத காரியமும் அல்ல. இந்தோனேசியாவின் அச்சே மாநிலத்துக்கான 2005 ஹெல்சிங்கி உடன்பாடு 840 ஆயுதங்கள் என்று எண்ணையே எழுதி வைத்தது. நான்கு கட்டங்களாக ஆயுதம் வர வர, வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட அரசுப் படைகளும் விலகின. ஐரோப்பிய ஒன்றியமும் ஐந்து ஆசியான் நாடுகளும் சேர்ந்த குழு மேற்பார்வை செய்தது. செல்லாத துப்பாக்கிகளைக் கழித்தே எண்ணியது. ஏற்றவற்றை மக்கள் கண்முன் அறுத்துப் போட்டார்கள். அழைத்தது ஜகார்த்தா அரசே. அதன் இறையாண்மை குறைந்துவிடவில்லை. நம் கருத்தில், படை விலகலையும் ஆயுத ஒப்படைப்பையும் ஒரே தராசில் வைத்ததுதான் அங்கே வேலை செய்தது.

லெபனானில் 2024 நவம்பர் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்கும் குழுவுக்குத் தலைமை அமெரிக்கா, அதாவது இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுக்கும் நாடு. போர்நிறுத்தத்துக்குப் பிறகும் இஸ்ரேலியப் படை ஐந்து குன்றுகளை விடவில்லை. அந்தக் குழுவில் இடம்பெற்ற ஐ.நா. படையின் பணி 2026 டிசம்பர் 31-ல் முடியும் என்று பாதுகாப்புச் சபை தீர்மானித்திருக்கிறது. அதன் பிறகு தெற்கு லெபனான் விவசாயி, தன் வயலுக்குப் போகலாமா என்று யாரிடம் கேட்பார்?