கண்ணகியின் முலையும் கனவான்களின் நாணமும்

பெண்ணின் உடலைப் பற்றிப் பேசுவது ஆபாசம் என்று நம்மிடையே ஒரு கூட்டம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. கலாசாரம், பண்பாடு, தமிழ்ப் பெண்மை என்னும் சொற்களை மூன்று வேளையும் உச்சரிக்கும் கனவான்கள் இவர்கள். நமது சமுதாயம் உண்மையிலேயே பெண்ணின் உடலைப் பற்றிப் பேசாத சமுதாயமாக இருந்திருந்தால் இவர்களுடைய கூற்றை ஒரு கொள்கையாக மதித்து வாதிடலாம். ஆனால் நடப்பது என்ன? கல்யாணத் தரகர் பேசுகிறார். சினிமாப் பாடலாசிரியர் பேசுகிறார். முகத்துக்குப் பூசும் களிம்பு விற்கிறவன் பேசுகிறான். பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் ஓடும் ஒவ்வொரு பஸ்ஸின் ஒலிபெருக்கியும் பேசுகிறது. அயல்வீட்டு மாமி, “பிள்ளை மெலிஞ்சு கறுத்துப் போனாள்” என்று படலையில் நின்று பேசுகிறார். பேசக் கூடாதென்று தடுக்கப்பட்டிருப்பவள் ஒருத்திதான். அவள் அந்த உடலுக்கு உரியவள்.

விசுவமடுவிலிருந்து கிழக்கே சென்றால், நந்திக்கடலோரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் இருக்கிறது. வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கெரியும் என்பது இந்த மண்ணின் நம்பிக்கை. வன்னி முழுவதும் அன்று அங்கே திரளும். யார் அந்தத் தெய்வம்? கணவனைக் கொன்ற அரசனிடம் நீதி கேட்டு, அது கிடைத்த பின்னும் ஆறாத சினத்தோடு தன் இடமுலையைத் திருகி எறிந்து ஒரு நகரத்தை எரித்தவள். இளங்கோ அந்தச் சொல்லை எழுதக் கூசவில்லை. நாலு பேருக்குத் தெரியாமல் எழுதவுமில்லை; காவியத்தின் உச்சியில் வைத்து எழுதினார். அந்த முலை ஆடவர் பார்வைக்கு விருந்தாகவும் இல்லை, குழந்தைக்குப் பால் தரும் தாய்மையின் சின்னமாகவும் இல்லை. அது ஆயுதமாக நிற்கிறது. அதை எறிந்தவளை நாம் கும்பிடுகிறோம், நேர்த்தி வைக்கிறோம், பாற்செம்பும் காவடியும் எடுக்கிறோம்.

வகுப்பறைக்குள் வந்தால் கதை வேறு. சிலப்பதிகாரம் படிப்பிக்கையில் கதையின் இந்தக் கட்டத்தை நூலிலுள்ள சொல்லாலேயே சொன்னேன். இரண்டு நாள் கழித்து ஒரு மாணவியின் தந்தை வந்தார். “ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. பிள்ளையளுக்கு உதை வேற மாதிரிச் சொல்லேலாதோ? நெஞ்சு எண்டு சொன்னால் காணுந்தானே” என்றார். நல்ல மனிதர், முச்சக்கரவண்டி ஓட்டி மூன்று பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர். அவருடைய வண்டியில் நாள் முழுதும் ஒலிக்கும் பாடல்களில் பெண்ணின் இடையும் தொடையும் எத்தனை முறை அளக்கப்படுகின்றன என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. அவரைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. ஆடவன் இச்சையோடு சொன்னால் காதுக்கு இனிக்கும் ஒரு சொல், ஒரு பெண் பாடமாகச் சொன்னால் எப்படி ஆபாசமாகிறது என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்குத் தமிழகத்தில் 2002ஆம் ஆண்டுக்குப் பின் வெளிப்படையாகவே விடை கிடைத்தது. சித்த மருத்துவம் கற்ற கவிஞர் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயரிட்டார். எழுந்த கூச்சலைச் சொல்லி முடியாது. அவரும் சல்மா, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் தமிழைக் கெடுக்க வந்தவர்கள் என்று வசைபாடப்பட்டனர். வசைபாடியவர்களில் திரைப்படப் பாடலாசிரியர்களும் இருந்தார்கள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். உவமை தேடித் தேடிப் பெண்ணுடலைக் கூறுபோட்டு விற்பதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு, அந்த உடலின் சொந்தக்காரி தன் நோவையும் களிப்பையும் எழுதியபோது ஒழுக்கம் நினைவுக்கு வந்தது! தமது வியாபாரத்தில் உரிமைக்காரி குறுக்கிட்டதே அவர்களைச் சுட்டது.

நம்முடைய நாட்டில் இதற்கு முன்னரே குரல் எழுந்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில், ஆண்களின் பார்வையில் பெண் எவ்வாறு வெறும் உறுப்புகளாகச் சுருங்கிவிடுகிறாள் என்பதைச் சங்கரி ஒரு சிறு கவிதையில் எழுதியிருக்கிறார். சந்தியால் நடந்து பாடசாலைக்கு வரும் எந்த மாணவிக்கும் அதற்கு உரை தேவையில்லை. புத்தகப் பையை முதுகில் போடாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, தோள்களைக் குறுக்கிக் கூனி நடக்கும் பிள்ளைகளை நாம் காலை தோறும் காண்கிறோம். அதை அடக்கம் என்று பாராட்டும் ஆசிரியர்களும் நம்மில் உண்டு.

இனி, சாமத்தியச் சடங்குக்கு வருவோம். ஒரு பெண்பிள்ளை பெரியவளானால் நடப்பது என்ன? மூலையில் இருத்தி, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் கொடுத்து, தண்ணீர் வார்த்து, மணப்பெண்ணைப்போல் அலங்கரிக்கிறார்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருந்து மாமன்மார் அனுப்பும் காசில் மண்டபம் எடுக்கிறார்கள். சந்தியில் ஆளுயரப் பதாகை எழுகிறது. வீடியோக்காரர் அவளைத் திரும்பு, சிரி, நாணப்படு என்று ஆட்டுவிக்கிறார். ஒரு சிறுமியின் கருப்பை வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்ற செய்தி வீதியால் போகும் அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது. ஆனால் அந்த இரத்தம் எங்கிருந்து, ஏன் வருகிறது என்பது மட்டும் அவளுக்குச் சொல்லப்படுவதில்லை. தாய் சொல்லமாட்டாள்; தாய்க்கும் எவரும் சொன்னதில்லை. விஞ்ஞானப் பாடநூலின் இனப்பெருக்க அலகை, “வீட்டிலே வாசியுங்கள்” என்று தாண்டிச் செல்லும் ஆசிரியர்களை நான் அறிவேன். இதை வாசிப்பவர்களும் அறிவர்.

இதே நாட்டில் 2018 வரை இறக்குமதியாகும் சுகாதாரத் துவாய்க்கு வரிகள் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு நூறு வீதத்தைத் தாண்டியிருந்தன. பதாகைக்குக் காசுண்டு, துவாய்க்கு இல்லை என்ற வீடுகள் எத்தனை! 2024இல் பின்தங்கிய பாடசாலைகளின் மாணவிகளுக்குத் துவாய் வாங்க வவுச்சர் வழங்கியது நல்ல காரியம். ஆனால் அந்த வவுச்சரைக் கடையில் நீட்டக் கூசித் தம்பியை அனுப்பவும் முடியாமல் நிற்கும் பிள்ளைக்கு அரசாங்கம் என்ன செய்யும்?

நாணம் தமிழச்சியின் பிறவிக் குணம் என்போருக்கு ஒரு சரித்திரச் செய்தி. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேற்சாதியார்முன் மார்பை மறைக்கக் கூடாதென்ற கட்டுப்பாடு இருந்தது. அதை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் அந்தப் பெண்கள் போராடினர். அடிபட்டனர், அவர்களுடைய சட்டைகள் சந்தையில் கிழிக்கப்பட்டன. 1859இல்தான் மேலாடை அணியும் அனுமதி கிடைத்தது. அதுவும் மேற்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாதென்ற நிபந்தனையோடு. யாழ்ப்பாணத்திலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு மேலாடையும் நகையும் மறுக்கப்பட்டிருந்தன; குறுக்குக்கட்டே அவர்களுக்கு விதிக்கப்பட்ட உடை. அப்போது எங்கே போயிருந்தது தமிழ்ப் பெண்மை? நாணம் என்பது நெல்லைப்போல, நிலத்தைப்போல, மேலிருப்பவர் அளந்து கொடுத்த ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஒருத்தியை மூடென்று அடித்த கையும் மற்றவளைத் திறவென்று அடித்த கையும் ஒன்றே. 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலையல்லாத உடையில் பாடசாலைக்கு வந்தபோது நாடே இரண்டுபட்டுக் கூவியதே, அந்தக் கூச்சலுக்குள்ளும் இந்தப் பழைய அதிகாரத்தின் தொனி கேட்டது. ஒரு சேலைத் துணியில் கல்வியின் தரத்தை முடிந்து வைத்திருக்கிறார்கள்.

நிலப்பிரபு அளந்தது போய் இன்று சந்தை அளக்கிறது. 1975இல் இந்தியாவில் ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்ற களிம்பு விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் மாப்பிள்ளையும் இல்லை, வெளுத்தால் இரண்டும் உண்டு என்பதே அதன் விளம்பரங்கள் ஆண்டாண்டாகச் சொன்ன கதை. உலகெங்கும் கண்டனம் எழுந்த பின் 2020இல் அதன் பெயரை மாற்றினார்கள். சரக்கு மாறவில்லை. வன்னி வெயிலில் வயலில் நின்று வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பாடசாலையில் இதைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் பார்க்கும் தமிழ்ப் படத்தில் கதாநாயகி எந்த நிறத்தில் இருக்கிறாள்? கறுத்தவளும் பருத்தவளும் எதற்காக வருகிறார்கள்? சிரிப்புக்கு. விதிவிலக்காக ஒரு கறுத்த பெண்ணைத் தமிழ்ச் சினிமா தலையில் தூக்கி வைத்தது. ‘வண்டிச்சக்கரம்’ என்ற படத்தில் 1980இல் அறிமுகமாகிய சில்க் ஸ்மிதா அவர். அவருடைய ஆட்டம் இல்லாத படத்தை விநியோகஸ்தர் வாங்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அவரை மரியாதையோடு அழைத்தவர் எத்தனை பேர்? 1996 செப்டெம்பரில், நாற்பதை எட்டுமுன்பே, சென்னையில் அவர் இறந்துகிடந்தார். 2011இல் அவருடைய வாழ்க்கையைத் தழுவி இந்தியில் ஒரு படம் எடுத்து, அதிலும் பணம் பண்ணினார்கள்.

நமது வன்னிக்கென ஒரு தனிக் கணக்கும் உண்டு. 2009இல் எறிகணைகளுக்கு நடுவே இந்த வீதியால் கிழக்கே நகர்ந்த சனத்தில் உயிரோடு மீண்ட பெண்கள் பலர் கையையோ காலையோ விட்டுவிட்டு வந்தார்கள். சன்னங்களை உடம்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு வெய்யிலிலும் பனியிலும் நோவோடு நடமாடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முட்கம்பிக்குப் பின்னே, காவலர் கண்முன்னே குளிக்க நேர்ந்த நாட்களை அவர்கள் மறக்கவில்லை. கூந்தலைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரே காரணத்தால் சந்தேகத்துக்கு ஆளானவர்களும் உண்டு. அந்த நாட்களில் கலாசாரக் காவலர் எவரும் ஒரு போர்வையோடு வந்ததாக எனக்கு நினைவில்லை. பின்னர் வந்தார்கள், கல்யாணம் பேச. “பிள்ளைக்குக் காயம் கீயம் ஏதும் இருக்கோ?” என்பதே முதற்கேள்வி. மார்பிற் புண்பட்ட வீரனைப் போற்றும் புறப்பாடல்களை நாம் விழுப்புண் என்று விளக்கம் சொல்லிப் படிப்பிக்கிறோம். ஆணின் வடு விழுப்புண். பெண்ணின் வடு பழுது. சீதனத்தை இரட்டிக்க அதுவே காரணமாகிறது. செயற்கைக் காலோடு தோட்டம் கொத்தி இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் ஒருத்தியை எனக்குத் தெரியும். நிழற்படம் எடுக்கும்போது கால் தெரியாமல் சேலையை இழுத்துவிடும்படி அவளிடம் சொல்லுகிறவர்கள் அவளுடைய சொந்தக்காரர்களே.

இவ்விடத்தில் நமது முற்போக்கு நண்பர் ஒருவர் குறுக்கிடுவார். நிலமும் வேலையும் கூலியும் தீராத பிரச்சினைகளாக இருக்கையில் முலை, நிறம், நாணம் என்பன நகரத்துச் சீமாட்டிகளின் கவலையல்லவா என்பார். கிளிநொச்சி, வவுனியா ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன் பஸ் ஏறும் எங்கள் பெண்களை அவர் ஒருமுறை பார்க்கட்டும். இலங்கையின் ஆடை ஏற்றுமதியில் மேனாட்டுப் பெண்களுக்கான உள்ளாடை முதன்மையான பண்டங்களுள் ஒன்று. உள்ளாடை தைத்து நாட்டுக்கு டொலர் தேடித் தரும் பெண் வீட்டுக்கு வந்தால், தன்னுடைய ஒன்றைத் துவாய்க்கு அடியில் மறைத்து, வெயில் படாமல், ஈரம் போகாமல் உலர்த்துகிறாள். அதனால் வரும் சொறியையும் புண்ணையும் வைத்தியரிடம் சொல்லவும் கூசுகிறாள். உழைப்பு உடலிலிருந்துதானே பிறக்கிறது? பேச்சுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: நமது முற்போக்குச் சிறுகதைகளிலும் கூலிக்காரப் பெண் பெரும்பாலும் அழகியாகவே இருக்கிறாள், அவள் வியர்வையை வருணிக்கும் எழுத்தாளரின் பேனா எங்கே தங்கி நிற்கிறது என்பதைப் பழைய இதழ்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

இந்த நாணத்துக்கு விலை உயிர். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. காலத்தோடு கண்டால் பெரும்பாலும் மாற்றக்கூடிய நோய் அது. 1996 முதல் அரசாங்கம் சுகவனிதையர் கிளினிக்குகளை நடத்துகிறது. முப்பத்தைந்து வயதானவர்கள் காசின்றி மார்பையும் கருப்பைக் கழுத்தையும் பரிசோதித்துக்கொள்ளலாம். எத்தனை பேர் போகிறார்கள்? “கட்டி கிடந்தது தெரியும், எப்பிடிக் காட்டிறது எண்டு விட்டிட்டன்” என்று, தெல்லிப்பழை வைத்தியசாலைக்கு மூன்று பஸ் மாறிப் போய்வரும் என் அயலவர் ஒருவர் சொன்னார். கட்டி அப்போது கோழிமுட்டை அளவு. அவரும் ஆண்டுதோறும் வற்றாப்பளைக்குப் போகிறவர்.

இந்தத் தவணையில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து குடும்பநல உத்தியோகத்தர் எங்கள் பாடசாலைக்கு வந்து உயர்தர வகுப்புக்குப் பேசுவதாக இருக்கிறார். மாதவிடாய், மார்பகச் சுயபரிசோதனை, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்பன பொருள். ஆண்பிள்ளைகளை அந்நேரம் மைதானத்துக்கு அனுப்பிவிடலாம் என்று சில ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அவர்களும் வகுப்பில் இருந்து கேட்க வேண்டும் என்று நானும் இன்னும் இருவரும் சொல்லியிருக்கிறோம். பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை நடக்கிறது. முச்சக்கரவண்டிக்காரத் தந்தையையும் அதற்கு அழைத்திருக்கிறேன்.