“வலி மாத்திரைதானே!”

முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக் வாங்க வந்த பெரியவரிடம் சென்ற வாரம் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் சொன்னார்: “ஒண்ணுல கேக்கலைன்னா இன்னொண்ணு சேர்த்துப் போடுங்க ஐயா, வலி மாத்திரைதானே!” பெரியவரும் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வலி மாத்திரை ஒன்றும் செய்யாது என்பவர்கள் பாறுக் கழுகுகளுக்கு நேர்ந்ததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகள் வேறு காரணங்களால் செத்தன. அவற்றைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. அறுத்துப் பார்த்தால் ஈரல்மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்கு 99க்கு மேல் அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தார்கள்.

நாம் கழுகா என்பார்கள். நம் சிறுநீரகம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான். வலியைத் தூண்டும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பைச் சுவரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. மாத்திரை எல்லாவற்றையும் சேர்த்தே அடக்குகிறது. பெரியவர்களுக்கு டைக்ளோஃபெனாக் நாளைக்கு 150 மில்லிகிராம்தான் உச்சம். 50 மில்லிகிராம் மாத்திரை மூன்றோடு கணக்கு முடிந்தது.

மீறினால் குமட்டல், வாந்தி, மேல்வயிற்று வலி, காதிரைச்சல், அரைமயக்கம் வரலாம். மலம் கறுத்துப் போனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. சிறுநீர் குறைந்தால் பாறுகளைக் கொன்ற அதே சிக்கல் வாசலுக்கு வந்துவிட்டது. மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபனமிக் அமிலம் மிகுந்தால் வலிப்பே வரலாம். அந்த நேரத்திலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். இந்த மாத்திரைகளுக்கு முறிமருந்து கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்ந்தால் கரித்தூள் கொடுத்து மருந்தை ஈர்த்துக்கொள்ள வைக்கலாம். பிறகு சலைன், இரைப்பையைக் காக்கும் மருந்து, ரத்தப் பரிசோதனை, கண்காணிப்பு. டயாலிசிஸ் செய்தாலும் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட மருந்து வெளியேறாது. அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

எந்த அட்டை? ‘செட் மாத்திரை’ என்று நாலு நிறத்தில் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அதில் பெயர் எங்கே இருக்கிறது? என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டால் வீட்டார் என்ன சொல்வார்கள்? சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் மாத்திரை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சோதனைக்கு வர வேண்டிய அதிகாரிகள் எங்கே போனார்கள்? பாறு செத்ததற்குத் தடை போட முடிந்த அரசுக்கு, மனிதர்களுக்காக ஏற்கெனவே போட்ட சட்டத்தைத் தெருமுனைக் கடையில் நடைமுறைப்படுத்தவும் முடியும். செய்யட்டும்.